ஜெபத்துக்குப் பிறகு

ஊழியக்காரர்கள் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் ஒரு பாட்டு, அப்புறம் ஒரு வசனம், அப்புறம் ஜெபம், கடைசியில் டீ. டம்ளரைக் கீழே வைத்தால் அடுத்த வீடு. இடுப்பு விட்டுப்போய் எஸ்டேட் வேலையை நிறுத்திய ஜெயகுமாரியை, வீடு சந்திக்கும் வேலைக்குச் சபையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பிப் பழம் பறித்த காலத்திலும் ஒரு செடி முடிந்தால் அடுத்த செடிதான். இதுவும் அப்படியே ஓடியது.

செம்மநத்தத்தில் ஆண்டனி ராஜ் வீட்டிலும் அன்று அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் மிளகு பறிக்கிறவன். சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி ஒருவன் ஏறிக் கொடியிலிருந்து பறிப்பான்; இன்னொருவன் அடியில் ஏணியைப் பிடித்துக்கொள்வான். போன மாதம் ஏறியது அவன் தம்பி பென்னி. பிடித்தது இவன். ஏணி வழுக்கி, பென்னி பாறையில் விழுந்தான் என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து ஆண்டனி ராஜ் வேலைக்குப் போகவில்லை, சர்ச்சுக்கு வரவில்லை, சோறும் இறங்கவில்லை. செடிக்கு அடிக்கிற மருந்து பாட்டிலை அவன் மனைவி ஜோஸ்லின் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் ஒளித்துவைத்திருந்தாள். வாசலிலேயே அதை ஜெயகுமாரியின் காதில் சொன்னாள்.

"ஏனுங்கக்கா, நீங்களாச்சும் பேசிப் பாருங்க. செவுத்தயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரு. எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க."

பாட்டு முடிந்தது. பாஸ்டர் ஜாபெஸ் வசனம் வாசித்து முடித்தபோது ஆண்டனி ராஜ் தலையைத் தூக்கினான்.

"அன்னைக்கிங்க பாஸ்டர்..."

"கர்த்தருக்குத் தெரியும் தம்பி. கண்ண மூடுங்க, ஜெபிப்போம்."

அவன் தலைமேல் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். நல்ல மனுஷன், நடுவில் அவர் குரலே உடைந்தது. எல்லோரும் கண் மூடியிருந்தபோது ஜெயகுமாரி மட்டும் எதற்கோ கண்ணைத் திறந்தாள். ஆண்டனி ராஜின் வாய் இன்னும் பாதி திறந்தபடி இருந்தது. 'ஆமென்' சொன்னபோது மூடிக்கொண்டது. அப்புறம் டீ. அப்புறம் செருப்பு.

பாஸ்டர் காரின் கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்டார். வாழவந்தியில் இன்னும் சில வீடுகள் பாக்கி.

"நீங்க போங்க பாஸ்டர். நான் இருந்துட்டு வர்றனுங்க."

"அதான் ஜெபம் பண்ணியாச்சேம்மா?"

"ஆச்சுங்க. சும்மா இருந்துட்டு வர்றேன்."

சும்மா இருப்பதற்கு ஒரு ஊழியக்காரி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. முகம் கேட்டது.

கார் போனதும் அவள் கொல்லைப்பக்கம் போனாள். ஆண்டனி ராஜ் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். ஜோஸ்லினிடமிருந்து மொச்சைக்காய் முறத்தை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க போவலீங்களா?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சு."

"கார்லயே போயிருக்கலாமில்லீங்க, மெத்த சீட்டு."

"பாஸ்டரு வண்டில ஏறுனா எறங்கற வரைக்கும் பாடிக்கிட்டே வரோணும் கண்ணு. எந்தொண்டைக்கு ஆவாது."

அவன் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது.

ஜெயகுமாரி மொச்சைக்காயை உரிக்க ஆரம்பித்தாள். காப்பிப் பழ மூட்டை சுமப்பதைவிடச் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. தெரிந்த ஆறுதல் வசனமெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது; விழுங்கினாள். பக்கத்துத் தோட்டத்தில் காட்டெருமை புகுந்ததைப் பற்றி அவன் ஏதோ சொன்னான். 'ம்' என்றாள். பனி இறங்கியது. அவனும் ஒரு கை காயை அள்ளி உரிக்க ஆரம்பித்தான்.

"ஏணி வழுக்கலீங்கக்கா."

ஜெயகுமாரியின் கண் தானாக மூடப் பார்த்தது. 'ஆண்டவரே' தொண்டை வரை வந்துவிட்டது. அது பக்தி இல்லை, பயம் என்று அவளுக்கே தெரிந்தது. இப்போது ஜெபித்துவிட்டால் மிச்சத்தைக் கேட்க வேண்டியிருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"முசுறு கடிச்சுது. மரம் பூரா செவப்பு எறும்பு. கழுத்துல ஏறி, சட்டைக்குள்ள பூந்து... ரெண்டு கையையும் எடுத்துட்டேன். எறும்புக் கடி பொறுக்காம எந்தம்பிய உட்டுட்டனுங்க. எஸ்டேட் ரைட்டர் கேட்டப்ப ஏணி வழுக்கிருச்சுன்னேன். போலீசுலயும் அதத்தான் சொன்னேன். பென்னி சம்சாரம் அபிஷா, 'நீங்க புடிச்சிருந்துமா மாமா இப்படி ஆச்சு'ன்னு எங்கையப் புடிச்சிட்டு அழுதுச்சு. அப்பவும் வாயத் தெறக்கல."

முசுறு கடி ஜெயகுமாரிக்குத் தெரியும். தெரியாமல் கூட்டைத் தொட்டுவிட்டு, ஆள் நிற்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ரவிக்கையைக் கழற்றி உதறியிருக்கிறாள். யாராக இருந்தாலும் கையை எடுத்திருப்பார்கள் என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் சொன்னால் 'ஆமாங்க' என்று அவன் வாயை மூடிக்கொள்வான்.

"அப்புறம்?" என்றாள்.

அவன் எறும்பைத் தட்டிக் குதித்ததை மேலிருந்து பார்த்து பென்னி சிரித்திருக்கிறான். 'என்னண்ணா, கீழ டான்ஸ் ஆடறயா?' அதுதான் கடைசிப் பேச்சு. ஆண்டனி ராஜ் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே வந்தது. அவள் எதையும் சுருக்கவில்லை, முடித்துவைக்கவும் இல்லை. ஜோஸ்லின் கதவோரம் நின்று, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கேட்டாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"இது கொலைங்களாக்கா?"

"தெரியல சாமி."

உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் எல்லாம் தெரிந்தவர்களே அந்த வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அபிஷாகிட்டச் சொல்லோணும்," என்றான்.

"ஐயோ, வேண்டாங்க! அது மண்ண வாரித் தூத்தும். ஊரு என்ன பேசும்?" ஜோஸ்லின் பதறிக்கொண்டு வந்தாள்.

"தூத்தட்டும்."

எழுந்தான். கால் மரத்துப்போய்த் தடுமாறினான்.

"கூட வர்றீங்களாக்கா? ஆனா எனக்காகப் பரிஞ்சு பேசக்கூடாது. அது என்ன திட்டுனாலுஞ்சரி."

"பேசமாட்டேன்."

அபிஷாவின் வீடு மேட்டில் இருந்தது. ஜோஸ்லினும் பின்னாலேயே வர, மூவரும் ஏறினார்கள். கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்த அபிஷா, "வாங்க மாமா" என்று சொல்லவந்து அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அவன் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

"உக்காரு அம்மிணி. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். சொல்லி முடிக்க நேரமாவும்."

அபிஷா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.