வீட்டு ஆம்பளையின் சாட்சி

“ஊத்தும்மா. பாத்துக்கிட்டே நின்னா ஆச்சா?”

அவள் கணவனின் அண்ணன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கியிருந்தார். அப்படியும் கைகள் நடுங்கின. சட்டையின் மேல் பொத்தானோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மேசைமேல் பாட்டில் இருந்தது. அவள் பாட்டில் என்று ஒன்றைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது.

“கை நிக்கிற அளவுக்குத்தான் மாமா. அதுக்கு மேல போனா நாக்கு குழறும்.”

“பெரிய டாக்டரு. ஊத்து.”

ஊற்றினாள். வாடை மூக்கில் ஏறியதும், செத்துப்போன புருஷன் பின்னால் நின்று தொண்டையைச் செருமுவது போலிருந்தது. இருந்த காலத்தில் அவன் செருமினால், இன்னொரு டம்ளர் எடு என்று அர்த்தம். தனியாகக் குடித்தால் குடிகாரன் என்பார்கள், நீயும் உட்கார் என்று சொல்லிச் சொல்லியே உட்கார வைத்தான். அவன் போய்ச் சேர்ந்தான், டம்ளர் அவள் கையில் நின்றுவிட்டது. அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது என்றுதான் தெரு சொன்னது. குடிகாரி என்ற பேர் அவளுக்கு மட்டும் கிடைத்தது.

வாசற்படியில் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள்.

“நல்ல கூத்துடி இது. குடியை நிறுத்தற வேலைக்குப் போறதுக்கு, இந்த மனுஷனுக்கு நீ ஊத்திக் குடுக்கற.”

“ஊத்தாம கூட்டிட்டுப் போனா வழியிலேயே வலிப்பு வந்துரும்க்கா.”

“வரட்டுமே. கட்டிக்கிட்ட நாள்லேருந்து எனக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கு.”

குடியிலிருந்து தன்னை மீட்ட மறுவாழ்வு இல்லத்திலேயே அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலில் கூட்டிப் பெருக்கினாள். பிறகு, புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் சட்டம் வந்தது. உரிமம் இல்லாதவர் நோயாளியின் அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை அவள் குறை சொல்லவில்லை. கண்டவனும் ஆலோசகர் என்று போர்டு மாட்டிக்கொண்டு ஆளைக் கட்டிப்போட்டு அடித்த இடங்களை அவள் அறிவாள். பயிற்சிக்குப் போனாள், பரீட்சையில் தேறினாள். மிச்சம் ஒன்றுதான். குடித்து மீண்டவர்களுக்கு, ஐந்து வருஷமாகத் தொடவில்லை என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

ஓரகத்தி தானே வருவதாகச் சொல்லி உரிமம் தருகிற அலுவலகம் வரைக்கும் போனாள். “ஏம்மா, வீட்டுல ஆம்பளை இல்லையா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆம்பளை என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் அப்படித்தான் புரிந்திருந்தது.

அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் இல்லத்துக்கு ஒரு பெயிண்டர் வந்தான். திடீரென்று குடியை விட்டிருந்தான். உரிமம் உள்ளவர் அன்றைக்கு லீவு. அவள் வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இருக்கீங்களா?”

“இருக்கேன்பா.”

“உள்ள வாங்களேன். கை மேல என்னமோ ஊருது.”

மேனேஜரிடம் ஓடினாள். “நீ உள்ள போனேன்னா இல்லத்தையே மூடிருவாங்க. டாக்டருக்குச் சொல்லியாச்சு, வருவாரு” என்றார். அவள் வெளியிலேயே நின்றாள். உள்ளே கனமாக ஏதோ விழுந்தது. டாக்டர் வந்து பார்த்தபோது உயிர் இல்லை.

அன்றிலிருந்து, குழாயைத் திறந்தாலும் தண்ணீருக்கு நடுவில் அந்தக் குரல் கேட்கும். சில நாள் குழாயை மூடிவிட்டு, “இருக்கேன்பா” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

காலையில் வரச் சொன்ன அலுவலகம் மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிட்டது. பெஞ்சிலேயே மாமாவுக்கு வேர்க்க ஆரம்பித்திருந்தது. அறைக்குள் போனதும் உரிமக் குழுவின் தலைவர் மூக்கைச் சுருக்கினார். பக்கத்திலிருந்த பெண் உறுப்பினர் கைக்குட்டையை எடுத்தார். இருவரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

“ஏம்மா, இங்க வர்ற அன்னிக்குமா?”

“நான் தொடலீங்க.”

“அப்ப வாடை? நான் குடிச்சிட்டு வந்திருக்கேனா?”

அவள் கணவனின் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஊதிப் பார்க்கிற மெஷின் வந்தது. ஊதினாள், ஒன்றுமில்லை. தலைவர் மெஷினைத் தட்டிவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னார். அப்போதும் ஒன்றுமில்லை. மாமாவை ஊதச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

“மெஷின் பழசு. சரி விடுங்க, ஐயா வந்திருக்காரு. வீட்டு ஆம்பளை சொன்னா அதுக்கு மேல என்ன? ஐயா, இவங்க குடிக்கிறாங்களா?”

“இல்லீங்க.”

“ஒரு கையெழுத்து.”

பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடியும் விழுந்தது.

“பரவாயில்லீங்க, வயசாச்சுல்ல” என்று தலைவர் மைப்பெட்டியை மரியாதையாக நகர்த்தினார். “விரலை வைங்க, போதும்.”

கட்டைவிரலில் மை பட்டது. அவர் இன்னொரு கையால் சட்டைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் தட்டினார், பயந்துபோன முகத்தோடு.

அக்கா, இருக்கீங்களா?

குழாய் இல்லாத அறையில் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. விரல் தாளில் பட்டால் உரிமம். இனி எந்த அறைக்கு வெளியிலும் அவள் நிற்க வேண்டியதில்லை. விரல் இறங்கியது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேண்டாம் மாமா.” தலைவரிடம் திரும்பினாள். “இது வயசு இல்லீங்க. வாடை இவர்கிட்டதான். காலையில நான்தான் ஊத்திக் குடுத்தேன். அது இறங்கிருச்சு, இனிமே வலிப்புதான். ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி சொல்லுங்க.”

“பெரிய மனுஷனை நாலு பேர் முன்னாடி இப்படி அசிங்கப்படுத்தறியே, நீ போய் யாருக்கு என்னத்தப் புத்தி சொல்லப் போறே?” என்றார் தலைவர்.

“அப்ப உனக்குச் சாட்சி யாரும்மா?” என்று பெண் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்.

“யாரும் இல்லீங்க.”

தலைவர் மணியை அடித்தார். அடுத்த ஆளைக் கூப்பிடத்தான்.

மாமாவின் பாரம் முழுவதையும் தோளில் வாங்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். தள்ளாடியவர் அவர், அவரைத் தாங்கியதால் இவளும் தள்ளாடினாள். வாசலில் காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தான். மேலே நடந்தது அதற்குள் கீழே வந்திருந்தது, வர வேண்டிய விதத்தில்.

“பாத்துக் கூட்டிட்டுப் போங்க ஐயா. இதுங்கள்லாம் திருந்தாது.”

அவர் நின்றார். பல் கிட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சுச் சட்டையில் கட்டைவிரல் மை அப்பியிருந்தது.

“குடிச்சிருக்கிறது... இவ இல்லப்பா. நான்.”

காவலாளிக்கு மனசு இளகிவிட்டது.

“பெரிய மனுஷன்னா பெரிய மனுஷன்தான். வீட்டுப் பொம்பளைய விட்டுக் குடுக்க மாட்டேங்கறாரு பாரு.”

ஐயா போவதற்காக கேட்டை அகலத் திறந்தான். அவள் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டான்.