அரசி பாடிய பாட்டு

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு சிறிய அரங்கில் கஜந்திக்கு அரசி வேடம் கிடைத்தது. பழைய கிரேக்கக் கதை. போரில் மகனைப் பறிகொடுத்தவள் பிணத்தின் முன் நின்று புலம்ப வேண்டும். ஜெர்மன் வசனம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் புலம்பல் வாயோடு நின்றது, வயிற்றிலிருந்து வரவில்லை. ஒருநாள் ஒத்திகையில், தன்னை அறியாமலே, அம்மா குசினியில் சமைக்கும்போது முணுமுணுக்கும் பாட்டை எடுத்துவிட்டாள். செத்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பாட்டு. மற்ற நடிகர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது யாருடைய பாட்டு?" என்றாள் இயக்குநர் ஹென்றிக்கே.

கஜந்தி மறைக்கவில்லை. அம்மா வாகரைக் கரையோரத்து வேடர் குடியில் பிறந்தவள், இலங்கையின் ஆதிக்குடி.

"இதை நிகழ்ச்சி ஏட்டில் கட்டாயம் போடுவோம்!" என்றாள் ஹென்றிக்கே.

அம்மாவோ, கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டாள். "பாடு, வேண்டாமெண்டு சொல்லேல்லை. எங்கடை ஆக்களைப்பற்றி எழுத மட்டும் விடாதை. தம்பியின்ரை கலியாணம் முடியட்டும்."

ஜெர்மனிக்கு வந்த நாள்முதல் திருகோணமலைக்காரி என்று மட்டும் சொல்லிக்கொண்டு வாழ்ந்தவள் அவள். தம்பி சயந்தன் கட்டப்போகும் யதுசாவின் வீட்டார் குலம் கோத்திரம் துருவுகிறவர்கள்.

எழுத வேண்டாம் என்று கஜந்தி சொன்னபோது ஹென்றிக்கேவுக்கு முகம் சுருங்கியது. "தெரியாமல் சனம் எப்படி விளங்கிக்கொள்ளும்?"

"அரசியின் பிள்ளை செத்துவிட்டது. அது தெரிந்தால் போதும்."

முதற்காட்சிக்கு அம்மா வந்திருந்தாள், யதுசாவின் தாய் மங்கையற்கரசியும் வந்திருந்தாள். கஜந்தி பாடினாள். நாடகம் முடிந்ததும் கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

வெளிக்கூடத்தில் மங்கையற்கரசி அவளைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாய்ச் செய்தனீர், பிள்ளை. நான் முந்தி வாகரையிலை படிப்பிச்சனான். உது வேடற்றை பாட்டெல்லோ? எங்கை பழகினனீர்?"

நாடகத்துக்காகப் படித்தது என்று சொல்ல கஜந்தி வாயெடுத்தாள். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"என்னட்டைப் பழகினவள். நான் என்ரை தாயிட்டைப் பழகினனான்."

இவ்வளவு நாளும் மறைத்த அம்மா தலை குனியவில்லை. மங்கையற்கரசி கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். "சரி, பிறகு கதைப்பம்" என்றுவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு கதையும் வரவில்லை. கலியாண மண்டபக்காரனுக்கு மட்டும் யதுசாவின் வீட்டார் நாளைத் தள்ளிப்போடச் சொல்லியிருந்தார்களாம்.

"கைதட்டல் உனக்கு, அடி எனக்கோ?" என்று சயந்தன் வெடித்தான்.

"யதுசா என்ன சொல்லுறாள்?" என்று கேட்டாள் கஜந்தி.

அவன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். "நீங்கள் வேடர் எண்டது அவளுக்குப் பிரச்சினையில்லையாம். தன்னட்டை ஏன் ஒளிச்சனான் எண்டுதான் கேக்கிறாள். இப்ப ஃபோன் எடுக்கிறாளில்லை."

நீங்கள் என்கிறான், நாங்கள் என்று வாயில் வரவில்லை. கஜந்திக்குச் சுருக்கென்றது. அம்மாவின் அனுமதியோடுதான் பாடினாள். அதற்காகத் தம்பியின் வாழ்க்கை குலையலாமா?

மாலை மறுபடி காட்சி இருந்தது. அவள் காலில் சப்பாத்தைப் போட்டபோது அம்மாவும் கோட்டை எடுத்தாள்.

"நானும் வாறன்."

சயந்தன் இருவரையும் பார்த்தான். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா அந்தக் கதவடியில் சற்று நின்றாள், தட்டவில்லை. ட்ராமில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அரங்கு வந்ததும் அம்மாதான் முதலில் இறங்கினாள்.