மெம்பர் உம்மாவின் ஒழுங்கை

என் கணவர் அப்துல் ஹமீட் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சக் கதையைக் கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றாது. எங்கள் கிராமசபையில் முப்பது வருஷம் லிகிதராக, எழுத்து வேலையில் இருந்தவர். எழுத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டது என்றால்கூட துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் கடைக்குப் போவார்.

எண்பத்தோராம் ஆண்டோடு கிராமசபைகளைக் கலைத்துவிட்டார்கள். மனிதர் வேலையில்லாமல் வீட்டில் இருந்து என் சட்டிபானைகளுக்கு ஒழுங்குமுறை சொல்லத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. சபைதான் போய்விட்டது, சபைக்குத் தெரிவான முதல் பெண்ணின் பெயராவது நிலைக்கட்டும் என்று ஒரு விழாக் குழு அமைத்தார்கள். இவரைச் செயலாளராகப் போட்டார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

அந்தப் பெண் ஹாஜறா உம்மா. ஊரில் எல்லோருக்கும் மெம்பர் உம்மா. ஐம்பத்தைந்தில் எங்கள் வட்டாரத்தில் தேர்தலுக்கு நின்றா. எதிர்த்து நின்ற கடை முதலாளி வாக்கு எண்ணும் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தாராம். எண்ணி முடிந்த பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், கடை திறக்கவில்லை. மெம்பர் உம்மா ஒருநாளும் மேடையில் ஏறியதில்லை, நோட்டீஸ் அடித்ததில்லை. வீட்டு வளவுகளின் பின்பக்கத்தால் போய், குசினி அடுப்படியில் இருந்து கதைத்து, அடுத்த வளவுக்குப் போவா. அப்படியே வென்றா. மௌத்தாகி, மண்ணுக்குப் போய் அப்போது பதினாறு வருஷம்.

இவர் பழைய கூட்டறிக்கைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மெம்பர் உம்மாவின் சேவைகளைத் தேடினார். எல்லாம் இவர் கையால் எழுதிய புத்தகங்கள்தான். நான்கு நாள் தேடி மூன்று சேவை அகப்பட்டது: ஒரு மதகு, ஒரு விளக்குக் கம்பம், கட்டாமல் திரியும் கட்டாக்காலி மாடுகள் பற்றி ஒரு பிரேரணை. பிரதம அதிதியாக உதவி அரசாங்க அதிபர் வருகிறார், மூன்றை வைத்துக்கொண்டு எப்படி அரை மணித்தியாலம் பேசுவது என்று இவருக்குப் பெரிய கவலை.

நான் ஒழுங்கையைச் சொன்னேன்.

அது எங்கள் வீடுகளுக்குப் பின்னால் போகிற நாலடி அகல நடைவழி. இரண்டு பக்கமும் தென்னங்கிடுகு வேலி. கடைத்தெருவைத் தொடாமல், பதினெட்டு வளவுகளைத் தாண்டி, பிள்ளைப்பேற்று விடுதிக்குப் பக்கத்திலுள்ள வெறும் அரச காணியில் போய்த் திறக்கும். அந்த ஒழுங்கை வருவதற்கு முன் எங்கள் பெண்கள் விடுதிக்குப் போகவேண்டுமென்றால் கடைத்தெருவால்தான் போகவேண்டும். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருக்கும் கண்களுக்கு முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு யார் போவது? போகாமல் இருந்தே இரண்டு பேர் மௌத்தானார்கள். மெம்பர் உம்மா அதைச் சபைக்குக் கொண்டுபோகவில்லை. வளவுகள் எல்லாம் பெண்களுக்குச் சீதனமாக வந்தவை, காணி உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கும். ஆகவே உறுதிக்காரிகளிடம் மட்டும் கேட்டா. அடுத்த முறை வேலியைப் பிரித்துப் புதுக் கிடுகு கட்டியபோது ஒவ்வொரு வேலியும் இரண்டடி உள்ளே வந்தது. வேலி கட்டியவர்கள் சொன்ன இடத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். ஆண்களிடம் யாரும் மறைக்கவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் ஆண்கள் யாரும் கால் வைக்கவில்லை. பெண்கள் போகிற வழியில் ஆண் நுழைவது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதைக்கேடு. நல்ல வழக்கம்தான். ஆனால் அதனால் நடந்தது என்ன தெரியுமா? விழாக் குழுவில் இருந்த பதினொரு ஆண்களுக்கும் அந்த வழி எங்கே போகிறது, எதற்கு இருக்கிறது என்பதே தெரியாது. நினைவு மண்டபம் கட்டுவதற்கு அந்த அரச காணியைத் தெரிந்தெடுத்தார்கள். விடுதிச் சுவரிலிருந்து நெல் ஆலைச் சுவர் வரைக்கும் மண்டபம். ஒழுங்கையின் வாய் முழுதாக அடைபடும். அவர்கள் கண்ணுக்கு அது நாய் போகிற வேலிச் சந்து.

இவரிடம் இதைச் சொன்னபோது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சபையில அப்பிடி ஒரு தீர்மானமும் இல்லையே புள்ள" என்றார்.

தீர்மானம் இல்லை, வழி இருக்கிறது என்றேன். அடிக்கல் வெட்டியாயிற்று, அதிதிக்குத் தேதி கொடுத்தாயிற்று, காலம் மாறிவிட்டது, இப்போது பெண்கள் ரோட்டால் போனால் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ரோட்டால் போகிறவர்களை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதை பின்னேரம்தோறும் அந்தத் தேத்தண்ணிக் கடை வாங்கில் போய் இருக்கிறவர்தான் எனக்குச் சொல்கிறார்.

எனக்கு இது ஊர்ப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. என் மகள் நதீராவுக்கு எட்டு மாதம். மருமகன் ஜெமீல் சவூதியில். அவளுக்குக் காலிரண்டும் வீங்கி, இரத்தப் பிறசர் ஏறியிருந்தது. புதன்கிழமைதோறும் கட்டாயம் வரவேண்டும், ஒரு கிழமையும் தவறக்கூடாது என்று விடுதி மருத்துவிச்சி செல்லத்தங்கம் மிஸி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தா. நதீராவோ கடைத்தெருவால் வரவேமாட்டேன் என்று நின்றாள். கெஞ்சினேன், ஏசினேன், அசையவில்லை. அந்த வெட்கம் பிழை என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். பிறசர் அதுவரைக்கும் பொறுத்திருக்காது. எனக்கு இரவில் நித்திரை இல்லை.

விழாவுக்கும் ஒரு புதன்கிழமையையே வைத்திருந்தார்கள். கிளினிக் நாள் என்று குழுவில் யாருக்குத் தெரியும்? காணியின் பின் எல்லையில், ஒழுங்கை வாயை மறித்து, தகரப் பீப்பாக்களின் மேல் பலகை போட்டு மேடை கட்டினார்கள். பின்னால் பச்சைத் துணி. முன்னால் ஆண்களுக்கு நாற்காலி. பெண்களுக்குத் திரைமறைவில் தனி ஆசனம் உண்டு என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

நாங்கள் சதி எதுவும் செய்யவில்லை. நான் ஆறு வீட்டுக்குப் போய், வழக்கம்போல ஒழுங்கையாலேயே வருவோம் என்று சொன்னேன், அவ்வளவுதான். அந்த ஆறு வீட்டுக்காரிகள் யார்யாருக்குச் சொன்னார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

காலை ஒன்பதரைக்கு நதீராவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் பார்த்தால் ஒழுங்கை நிறையக் குடை. ஒழுங்கை முடிகிற இடத்தில் பச்சைத் துணி எங்கள் முகத்தில் முட்டியது. துணிக்கு அந்தப் பக்கம் இவருடைய குரல் மைக்கில் கேட்டது. மதகும் விளக்குக் கம்பமும் முடிந்து மாட்டுக்கு வந்திருந்தார்.

துணியைத் தூக்கினேன். நதீரா மெல்ல மேடையில் ஏறினாள். பலகை கிரீச்சிட்டது. அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, அதிதி இருந்த பக்கம் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு, மைக்குக்கு முன்னால் நின்ற தகப்பனிடம் போனாள்.

"வாப்பா, கொஞ்சம் விலகுங்க. கிளினிக்குக்குப் போகோணும்."

அது மைக்கில் கேட்டது. இவர் விலகினார். வேறென்ன செய்வார்? அவள் முன்பக்கப் படியால் இறங்கி விடுதிக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் அச்சிமுகம்மதுவின் மனைவி கைக்குழந்தையோடு. அவளுக்குப் பின்னால் ஆலைக்காரரின் இரண்டு மருமகள்கள். ஒவ்வொருத்தியாகத் துணியைத் தூக்கி, மேடையைத் தாண்டி, படியால் இறங்கினார்கள். கிளினிக் உள்ளவர்கள் விடுதிக்கும், மற்றவர்கள் திரைக்குப் பின்னால் தங்களுக்குப் போட்ட ஆசனத்துக்கும் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. குழுத் தலைவரின் மனைவி வந்தபோது தலைவர் தன் நாற்காலியைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார். பாவம், அந்த மனிதரைப் பார்க்க எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

உதவி அரசாங்க அதிபர் எழுந்து நின்று இது என்ன என்று கேட்டார். இவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தாளில் அதற்குப் பதில் இல்லை. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்.

"இது மெம்பர் உம்மா போட்ட வழி சேர். நீங்கெல்லாம் அதுக்கு மேலதான் இரிக்கீங்க."

அவர் துணியைத் தூக்கி ஒழுங்கையைப் பார்த்தார். அங்கே இன்னும் இருபது முப்பது பேர் குடையோடு நின்றார்கள். உடனே துணியை விட்டுவிட்டு, அவர்கள் வந்து முடியட்டும் என்று மேடையிலிருந்து இறங்கி மர நிழலில் போய் நின்றார். மற்றவர்களும் இறங்கினார்கள். அன்று அடிக்கல் நாட்டவில்லை. மண்டபத்துக்கு வேறு காணி பார்க்கும்படியும், ஒழுங்கையை அளந்து அடுத்த கிழமைக்குள் தனக்கு எழுதி அனுப்பும்படியும் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். பதியாவிட்டால் நாளைக்கு வேறொருவர் வந்து அடைப்பாராம்.

செல்லத்தங்கம் மிஸி நதீராவுக்குப் பிறசர் பார்த்துவிட்டு, கூடித்தான் இருக்கிறது, அடுத்த புதனும் கட்டாயம் வரவேண்டும் என்றா. வருவோம் என்றேன். அதைச் சொல்லும்போது என் கண் கலங்கிவிட்டது.

அளப்பதற்கு இவர் அன்று பின்னேரமே அளவு நாடாவோடு போனார். ஒழுங்கை வாயில் நின்று மூன்று தரம் செருமினார். உள்ளே பெண்கள் யாரும் இல்லை, வரலாம் என்று நான் சொன்ன பிறகுதான் கால் வைத்தார். நாடாவின் மறு நுனியை நான் பிடித்தேன். வளவு வளவாக அளந்து, உறுதிக்காரியின் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பதினான்காவது வளவில் நின்றார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எங்கள் கிணறு தெரிந்தது.

"இது நம்மட வளவெல்லோ? நம்மட வேலியும் உள்ளுக்கு வந்திரிக்கா? எப்ப?"

"ஐம்பத்தேழில" என்றேன். "வேலி கட்டினவனுக்கு நீங்கதான் கயிறு எடுத்துக் குடுத்தீங்க."

பேனையைத் திறந்து, உறுதிக்காரியின் பெயர் என்ன என்று, மற்ற வளவுகளுக்குக் கேட்டது போலவே, என்னிடம் கேட்டார். சல்மா உம்மா என்று என் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.