மேல்தொட்டியின் நீர்மட்டம்

அன்று துறைத் தலைவரின் அறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: துறைத் தலைவர் பாலித், வழிகாட்டிப் பேராசிரியை நந்திதா லாஹிரி, எம்.டெக். இறுதியாண்டு மாணவி ரோஹிணி, யாரும் அழைக்காமல் கூடவே வந்துவிட்ட அவள் அப்பா அனந்தகிருஷ்ணன். போலீஸ் வரவில்லை. துணைவேந்தரும் வரவில்லை. யாரும் அழவுமில்லை.

அனந்தகிருஷ்ணன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் வந்த கடிதத்தை ஏழு முறை படித்திருந்தார். ரோஹிணியின் ஆய்வேட்டில் உள்ள அளவீடுகள் அவளே இட்டுக்கட்டியவை என்று துறை சந்தேகிக்கிறதாம். அது உறுதியானால் பட்டம் கிடையாது, பெயரும் நீக்கப்படும்.

"அப்பா, உள்ள வந்து வாயைத் திறக்கப்படாது" என்று மாடிப்படியிலேயே ரோஹிணி சொல்லியிருந்தாள். திறந்துவிட்டார்.

"எங்க தாத்தா ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டுல இந்த ஊருக்கு வந்தார், மேடம்" என்றார் சுத்தமான வங்க மொழியில். "நாலு தலைமுறையா எங்க வீட்டுல ஒருத்தர் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டது கிடையாது."

"உங்க தாத்தா மேல எங்களுக்குச் சந்தேகம் இல்லை, அனந்தோ பாபு" என்றார் லாஹிரி. "தண்ணி மேலதான் சந்தேகம்."

அந்தத் தண்ணீர் டாக்குரியா பகுதியில் அவர்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் தண்ணீர். ரோஹிணி படிப்பது பின்னூட்டக் கட்டுப்பாடு. எந்திரம் தான் செய்ததன் விளைவைத் தானே கவனித்து, அடுத்ததைத் திருத்திக்கொள்ள வைக்கும் படிப்பு. மொட்டைமாடித் தொட்டியில் நீர்மட்டம் பார்க்கும் உணர்கருவி ஒன்றையும், கீழே பம்பு அறையில் மோட்டாரை இயக்கி நிறுத்தும் சிறு பெட்டி ஒன்றையும் அவள் பொருத்தியிருந்தாள். மட்டம் இறங்கினால் பெட்டி மோட்டாரைப் போடும், ஏறினால் நிறுத்தும். பெட்டி என்ன செய்தது, தண்ணீர் என்ன செய்தது என்று நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும். மூன்று மாதப் பதிவுதான் ஆய்வேடு.

கட்டடக் கமிட்டியின் செயலாளர் அனந்தகிருஷ்ணன். பம்பு அறைச் சாவி பத்தொன்பது வருஷமாக அவரிடம்தான். அனுமதி கொடுத்தவரும் அவரே.

பெட்டி வைத்த மூன்றாம் நாள் தொட்டி வழிந்தது. இரண்டாம் மாடி சுஜித் தத்தா மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டிருந்த வடகமெல்லாம் நனைந்துபோக, கூடையோடு வந்து நின்றார். "என்ன அனந்தோதா, பொண்ணுக்குப் புத்தி ஜாஸ்தியாகி வழியறதா?" என்று படிக்கட்டில் நாலு பேர் கேட்கும்படி சிரித்தார். ரோஹிணி அன்றே பெட்டியின் கணக்கைத் திருத்தினாள். அனந்தகிருஷ்ணனுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை.

லாஹிரி மடிக்கணினியை அவர்கள் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. மோட்டார் நின்னிருக்குன்னு பெட்டி சொல்றது. ஆனா தண்ணி ஏறறது. இங்கயும் அப்படியே. யார் ஏத்தினா? மழையா?"

"தெரியலை, மேடம்" என்றாள் ரோஹிணி. "உணர்கருவியை மூணு தடவை மாத்தினேன். கம்பியெல்லாம் பிரிச்சுப் புதுசாப் போட்டேன். கணக்கை எத்தனை தடவை மாத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசமாத்தான் ஆச்சு. நான் முட்டாளா, இல்ல அந்தப் பெட்டி முட்டாளான்னு தெரியலை."

அந்த மூன்று மாதம் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து எழுந்துபோனதை அனந்தகிருஷ்ணன் பார்த்திருக்கிறார். "தொட்டியில தண்ணி சரியாத்தானேம்மா இருக்கு, ஏன் அலட்டிக்கறே?" என்று தேறுதலும் சொல்லியிருக்கிறார்.

"அதைவிட இது" என்று பாலித் திரையைத் தொட்டார். "பிப்ரவரி ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நாலு நாள். பாடப்புஸ்தகத்துல இருக்கிற மாதிரி அழகான அலை. ஒரு சொட்டு வழியலை. மத்த நாளெல்லாம் தினமும் காலைல அஞ்சு பத்துக்கும், மத்தியானம் ரெண்டே முக்காலுக்கும் மட்டம் தானா ஏறறது. ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் ஆறு பத்துக்கு. நாலு நாள் புஸ்தகத்தைப் பார்த்துப் போட்டிருக்கே, மத்ததைக் கைக்கு வந்தபடி. அப்படித்தானே?"

அனந்தகிருஷ்ணனின் முதுகு முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தது.

அஞ்சு பத்து அவர் காபி குடித்துவிட்டு மாடி ஏறி இறங்கும் நேரம். ரெண்டே முக்கால் பகல் தூக்கம் விட்டு எழுந்து ஏறி இறங்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி கூடத் தூங்குவார். பிப்ரவரி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அவரும் மனைவி விஜயலக்ஷ்மியும் ஜாம்ஷெட்பூரில் மைத்துனர் பெண் கல்யாணத்தில் இருந்தார்கள்.

ஓய்வுபெறும்வரை வங்கியில் அவர் வேலை பார்த்த விதம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவன் தப்புச் செய்தால், வாடிக்கையாளர் பார்ப்பதற்குள் சத்தமில்லாமல் திருத்திவிட வேண்டும். அவனிடமும் சொல்லக் கூடாது. பெட்டியையும் அப்படித்தான் நடத்தினார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், முட்டிவலியோடு மேலே போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார். குறைவாகப் பட்டால், குழாயில் தண்ணீர் இல்லையென்று தத்தா வந்து நிற்பதற்குள் கீழே வந்து பழைய கைச்சுவிட்சைப் போடுவார். பெட்டிக்குத் தெரியாமல் மோட்டார் ஓடும். அதனால் குழம்பிய பதிவைப் பார்த்து ரோஹிணி கணக்கை மாற்றுவாள். அவள் மாற்றியதைப் பார்த்து அவர் மறுபடியும் மாடி ஏறுவார்.

அவர் தொடாமல் விட்டிருந்தால் எல்லா நாளும் அந்த நாலு நாளைப் போலவே இருந்திருக்கும். ஒரு சொட்டு வழிந்திருக்காது.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் பேசாமலே இருந்துவிடலாம். ரோஹிணி விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனந்தகிருஷ்ணன் எழுந்து நின்றார். "தண்ணி ஏத்தினது நான்."

"புரியலை" என்றார் பாலித்.

"கைச்சுவிட்சு ஒண்ணு இருக்கு. தினமும் நான் போட்டேன். நான் ஊர்ல இல்லாத நாலு நாள்தான் உங்க புஸ்தகத்துல இருக்கிற மாதிரி இருக்கு. கல்யாணப் பத்திரிகை காட்டறேன். அந்தச் சுவிட்சையும் வந்து பாருங்கோ."

ரோஹிணி மெதுவாகத் திரும்பினாள். தமிழில் கேட்டாள். "மூணு மாசமாவாப்பா?"

"தத்தா மறுபடியும் சிரிக்கப்படாதேன்னு..."

"தத்தாவா! நான் ஒவ்வொரு நாளும் என்னையே திட்டிண்டு இருந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து காபி குடிச்சேள். ஒரு வார்த்தை சொல்லலையேப்பா!"

லாஹிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று.

மறுநாள் பாலித்தும் லாஹிரியும் கட்டடத்துக்கு வந்து சுவிட்சைப் பார்த்தார்கள். குற்றச்சாட்டு எழுத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அளவீடுகள் செல்லாது. முதலிலிருந்து மூன்று மாதம். பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போகும். அன்று மாலை ரோஹிணி வந்து கையை நீட்டினாள். அவர் பம்பு அறைச் சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவுமில்லை. காலை அஞ்சு பத்துக்கு அவருடைய கால் தானாக வாசல் பக்கம் போகும். திரும்பி வந்து உட்காருவார்.

அடுத்த ஞாயிறு லேக் மார்க்கெட்டில் காபிப் பொடி அரைபடக் காத்திருந்தபோது வெங்கடராமன் பிடித்துக்கொண்டார். தமிழர் சங்கத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் முதல் பந்தியில் உட்காருபவர்.

"கேள்விப்பட்டேன், ஓய்" என்று கையைப் பிடித்தார். கண்ணில் நிஜமாகவே ஈரம். "பொண்ணு ஏதோ சின்ன வயசு, அவசரத்துல கணக்கை ஜோடிச்சுட்டா. போறது. பழியைத் தன் தலைல போட்டுண்டு அவளைக் காப்பாத்தினேரே, அதுதான் பெரிய மனுஷத்தனம். சங்கமே உம்மைப் பத்தித்தான் பேசறது."

கடையில் இருந்த மூன்று பேர் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அனந்தகிருஷ்ணன் கையை விடுவித்துக்கொண்டார்.

"அவ ஒண்ணும் ஜோடிக்கலை. நான் யாரையும் காப்பாத்தலை. மூணு மாசம் சுவிட்சைப் போட்டுக் கெடுத்தது நான்."