மணலை அளந்தவர்

காற்று மாறுகிற மாதத்தில் எங்கள் தீவுக்கு யாரும் வருவதில்லை. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், மதியத்துக்குள் மழை ஊற்றும், தலைநகர் மாலேயிலிருந்து வரும் படகு வந்தால் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் மூன்று வாரத்துக்கு அறை கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு வந்தது. ஆனால் என் விடுதியின் மூன்று அறைகளும் காலியாகக் கிடந்தன, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெயர் யோரிஸ். ஹாலந்துக்காரர். ஆள் கடலில் குளிக்கவில்லை, மீன் பார்க்கப் போகவில்லை. மீனும் தேங்காய்ப்பூவும் பிசைந்த மஸ்ஹுனியை ரொட்டியோடு தின்றுவிட்டு, தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துக் கிளம்புவார். என் விடுதிக்கு எதிரே மஞ்சள் பெயின்ட் அடித்த குச்சிகளை மணலில் நட்டு, தண்ணீர் வரை டேப் பிடித்து அளப்பார். மறுநாளும் அதேதான்.

"என்னத்த அளக்குறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா. பொழுதுபோக்கு" என்றார். கடல் தாண்டி வந்து மணல் அளக்கிற பொழுதுபோக்கு.

அந்த மணல்தான் என் பிழைப்பு. மேல்காற்று தொடங்கினால் மேற்குக் கரையின் மணல் தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே என் வாசலுக்கு வரும். காற்று திரும்பினால் போய்விடும், மறு வருடம் திரும்ப வரும். நாங்கள் அதற்காகக் கவலைப்பட்டதே கிடையாது. இரண்டு வருடமாகத்தான் வருகிற மணல் குறைந்துகொண்டே வந்தது. போன வருடம் நாலு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் கரை இருந்தது. இந்த வருடமும் வராவிட்டால் விடுதியைப் பூட்ட வேண்டியதுதான். இருக்கிற கொஞ்சத்தையும் எவனோ ஹோட்டல் கட்ட வளைத்துப் போடத்தான் இவரை அனுப்பியிருக்கிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

விடியற்காலையில் நாங்கள் பெண்கள் தெருவையும் கரையையும் கூட்டும்போது நாஹிதாக்காவிடம் சொன்னேன். அவள் தீவு கவுன்சிலில் இருக்கிறவள்.

"அக்கா, அந்த ஆளு குச்சி நட்டு அளக்குறான். கவுன்சில்ல யாரும் கேக்க மாட்டீங்களா?"

"அளந்தா அளந்துட்டுப் போறான், வஸீமா. உன் ரொட்டியத் தின்னுட்டுத்தானே அளக்குறான்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த கையோடு பேச்சை மாற்றினார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்பதை அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். மீன்பிடிப் படகு ஓட்டுகிற ஹலீம் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றிக் காட்டினான். கேட்டால், "டீசல் போட்டுக் குடுத்தாரு, ஓட்டினேன்" என்கிறான். ஊரே சேர்ந்து என் வாசலை விற்கப் பார்க்கிறதோ என்று நினைத்தேன்.

என் புருஷன் ஷகீப் எதிர்த் தீவில் இருக்கும் ரிசார்ட்டில் படகு ஓட்டுகிறான். மாதம் ஒருமுறை வருவான். அன்று போனில் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டித் தீர்த்தேன்.

"குச்சி நட்டா அளக்குறான்? பேரு என்ன சொன்ன?"

"யோரிஸ். ஹலீம் படகுலகூட போறான்."

"இரு. எங்க மேனேஜர் காதுல போட்டு வைக்கிறேன். அவருக்கு மாலேல ஆள் இருக்கு, யாருன்னு விசாரிச்சிருவாரு."

"போட்டு வை" என்றேன். அப்பாடா என்று இருந்தது.

அந்த வாரமே மாலேயிலிருந்து அதிவேகப் படகில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்த்தார் என்று புகாராம். யோரிஸின் டேப்பையும் கணினியையும் எடுத்துக்கொண்டு, ஆளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் என்னிடம் மஸ்ஹுனி நன்றாக இருந்தது என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் நாஹிதாக்கா வந்து தின்பண்டத் தட்டைக்கூடத் தொடாமல் உட்கார்ந்தாள். அழுதிருந்தாள்.

"நாங்கதான் அவர வரவழைச்சோம், வஸீமா. எதிர்த் தீவு ரிசார்ட்காரன் படகுத்துறைக்காகக் கடலத் தோண்டினானே, அந்தப் பள்ளத்துலதான் நம்ம மணல் விழுந்து போகுது. அத அளந்து கோர்ட்டுல காட்டணும்னு வந்த மனுஷன். உன் கரைய மீட்கத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் புருஷன் அங்க சம்பளம் வாங்குறான். சேதி உன் மூலமா அவங்களுக்குப் போயிரும்னு பயந்துட்டோம். உன்கிட்ட வாயத் திறக்கக் கூடாதுன்னு அவருகிட்டயும் சொல்லி வச்சோம். மன்னிச்சுக்க. உனக்கு ஒண்ணுமே தெரியாது, நீ எப்படிச் சொல்லியிருப்ப. இந்த ஹலீம்தான் ரிசார்ட்காரன்கிட்ட காசு வாங்கிட்டுச் சொல்லிட்டான். நாளைக்கு அவனப் படகுலேர்ந்து இறக்கப் போறாங்க."

ஹலீமுக்கு நாலு பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் இருந்தும் பார்த்தேன்.

"ஹலீம் இல்லக்கா. நான்தான் ஷகீப்கிட்ட சொன்னேன். கரைய யாரோ பிடுங்க வந்திருக்கான்னு நெனச்சு சொன்னேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப நாங்க உன்ன சந்தேகப்பட்டது சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சரியில்லை, என்னிடம் சொல்லியிருந்தால் உயிரே போனாலும் ரகசியத்தைக் காப்பாற்றியிருப்பேன் என்று கத்த நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.