மறைவுக்கு நேராக வெற்றிடம்

அஸ்வினி, எழுந்ததும் முதலில் இதைப் படி. எனக்குத் தூக்கம் வரவில்லை.

சமயநல்லூரில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடை உனக்குத் தெரியும். அமைச்சர் கவுன்சிலராக நின்ற காலத்திலிருந்தே அவருக்கு அப்பாதான் அடித்துக் கொடுக்கிறார். அப்புறம் எம்.எல்.ஏ., எம்.பி., இப்போது டெல்லியில் இணை அமைச்சர். ஒவ்வொரு பதவிக்கும் ஃப்ளெக்ஸில் அவர் முகம் பெரிதாகும். பக்கத்தில் நிற்பவர்கள் மாறிவிடுவார்கள். மாறாமல் இருந்தது என் பாண்டிராஜ் மாமா மட்டும்தான். அமைச்சர் செய்ததெல்லாம் தெரிந்தவர். அடுத்த வாரம் அமைச்சர் மேல் உள்ள நில வழக்கில் மாமா சாட்சி சொல்ல வேண்டும்.

இன்று சாயங்காலம் கடையில் நான் மட்டும் இருந்தேன். அமைச்சரின் பி.ஏ. குருபிரசாத் பிறந்தநாள் ஃப்ளெக்ஸுக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். வேலைக்குப் புதுசு, நாங்கள் மாமாவுக்குச் சொந்தம் என்று அவருக்குத் தெரியாது. கடைசியாக வந்தது மாமா படம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘தோற்றம்’ என்று பிறந்த தேதி. ‘மறைவு’க்கு நேராக ஒன்றுமில்லை.

உடனே அழித்துவிட்டார். அதற்குள் கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டது.

மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“மறைவுக்கு நேரா தேதி போட்ருக்கானா?”

“இல்ல மாமா. இடம் விட்ருக்கு.”

அவர் எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது.

“அமைச்சரோட டிரைவர் சிவனாண்டிக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க நாந்தேன் தாயி படம் அனுப்புனேன். அவன் மேல லாரி ஏறுனதுக்கு மொத நாளே. அதுலயும் இடம் விட்டுத்தேன் அனுப்புனேன்.”

மாட்டுத்தாவணிக்குப் போய்க் கிடைத்த பஸ்ஸில் ஏறப் போவதாகச் சொன்னார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

வைத்த கையோடு குருபிரசாத் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. ஒரு படம் மாறி வந்துவிட்டது, பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன்.

“நல்லது பாப்பா. பாண்டிராஜ் அண்ணனுக்கு அடிச்சேன், பிஸி. ஒனக்கு அடிச்சேன், நீயும் பிஸி. யார்கூட பேசிக்கிட்டு இருந்த?”

வாய்க்கு வந்தது உன் பெயர்தான், அஸ்வினி. ஸ்கூல் ஃப்ரெண்டு என்றேன். அந்தப் பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

பசுமலை என்று உள்ளதையே சொல்லிவிட்டேன்.