பத்து சென்ட்டுக்கு யார் பெயர்

பத்து சென்ட் நிலம். விற்பவருக்கு விற்க மனமிருந்தது. வாங்குபவர் கையில் பணமிருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் பாலுசாமியால்தான், வாங்குபவர் பெயர் வர வேண்டிய இடத்தில் பேனாவை வைக்க முடியவில்லை.

வாங்க வந்தவள் அன்புக்கரசி. பிறந்தது, வளர்ந்தது, நர்ஸாக வேலை பார்ப்பது எல்லாம் மலேசியாவில். பாஸ்போர்ட்டும் அந்த நாட்டினுடையதுதான். இரண்டு வருடங்களுக்கு முன், தொண்ணூற்று நாலு ஐப்பசியில், காரமடைக்கு உறவினர்களைப் பார்க்க வந்த இடத்தில் அவளுடைய ஏழு வயது மகள் நந்திதா காய்ச்சலில் இறந்துபோனாள். பள்ளத்தில் வெள்ளம் ஓடியதால் மயானத்துக்கு வழியில்லை. இன்று விற்பவராக வந்திருக்கும் வெள்ளியங்கிரிதான் அன்று தன் தோட்டத்து மூலையில் புதைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது அவர் தோட்டத்தையே ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கு விற்கப் போகிறார். அந்த மூலை தன் கைக்கு வராவிட்டால் மகளின் மேல் டிராக்டர் ஓடும் என்று அன்புக்கரசிக்குத் தெரியும்.

“வெளிநாட்டுக் குடிமக்கள் இங்க நிலம் வாங்கறதுக்கு ரிசர்வ் வங்கி பர்மிஷன் வேணுமுங்க அம்மணி,” என்றார் பாலுசாமி. “உங்களாட்ட நம்ம வம்சத்துக்காரங்க குடியிருக்க ஊடு வாங்கலாமுன்னு விட்டுக் குடுத்திருக்காங்க. விவசாய நெலத்துக்கு அது ஆகாதுங்க.”

“இதுக்குப் போயி இத்தன ரோசனையாங்க?” என்றான் கதிரேசன், அவளுடைய சித்தப்பா மகன். “எம் பேர்ல எழுதிப்போடுங்க. கருப்பராயன் கோயில்ல கற்பூரம் அடிச்சு அக்காளுக்குச் சத்தியமே பண்ணிப்போட்டேன்.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். எரியும் கற்பூரத்தை அடித்து அணைத்த இடம் கறுத்திருந்தது.

சுவரோரத்து பெஞ்சு கிறீச்சிட்டது. அதில் யாருமில்லை. மணி பதினொன்று.

மற்றவர்களுக்கு அது கேட்கவில்லை. பாலுசாமிக்கு இரண்டு வருடமாகக் கேட்கிறது. சிங்கப்பூர்க் குடிமகன் வரதராஜுலு உட்காரும் பெஞ்சு அது. தொண்ணூற்று இரண்டில் அவருடைய பணத்தில் இரண்டு ஏக்கரை அவருடைய மச்சான் பெயருக்கு எழுதிக் கொடுத்தது பாலுசாமிதான். அன்றைக்கு அந்த மச்சானும் இப்படித்தான் கற்பூரம் அடித்த கையைக் காட்டினான். இரண்டே வருடத்தில் நிலத்தை விற்றுவிட்டான். எண்பத்தெட்டில் வந்த சட்டப்படி, தன் பணத்தில் இன்னொருவர் பெயருக்கு வாங்கியவர் “அது என்னுடையது” என்று வழக்கே தொடுக்க முடியாது. பத்திரத்தில் யார் பெயரோ, நிலம் அவருடையது. அதற்குப் பிறகு வரதராஜுலு ஒரு மாதம் தினமும் பதினொரு மணிக்கு வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. “வேற வழியே இருக்கலீங்களா?” என்று மட்டும் கேட்பார். ஒருநாள் வரவில்லை. லாட்ஜ் அறையைத் திறந்தபோது உடம்பு விறைத்திருந்தது.

“தம்பி பேர்ல வேண்டாமுங்க,” என்றார் பாலுசாமி.

“என்னயத் திருடன்ங்கிறீங்களா?”

“நீ நல்லவன்தான் கண்ணு. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? உம் பொண்டாட்டி வந்து நெலம் என்னுதும்பாளே?”

“அட, இவனுக்குப் பொண்ணே அமையலீங்க, பொண்டாட்டிக்கு எங்க போறது!” என்று வெள்ளியங்கிரி சிரித்தார். அன்புக்கரசி சிரிக்கவில்லை.

“அப்போ அவள அங்கேயே விட்டுட்டுப் போகணுமா சார்? வேற வழியே இல்லையா?”

அவள் குரலுக்குள் இன்னொரு குரலும் சேர்ந்து கேட்டது போலிருந்தது. பாலுசாமி எழுந்து அலமாரியிலிருந்து அந்நியச் செலாவணிச் சட்டப் புத்தகத்தை எடுத்தார். முப்பத்தொன்றாவது பிரிவு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வாங்க, விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு எடுக்க, தானம் பெற எதற்கும் அனுமதி வேண்டும். அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவதுதான் அவர் பழக்கம். விற்பனைப் பத்திரம் எழுதுகிறவருக்கு அதற்கு மேல் எதற்கு?

இன்று மூடவில்லை. விரலை வைத்துக் கீழே இறங்கினார். சில வரிகள் தள்ளி ஒரு விலக்கு இருந்தது: ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு இந்தத் தடை பொருந்தாது.

தொண்ணூற்று இரண்டிலும் இதே புத்தகம் இதே அலமாரியில்தான் இருந்தது. அவர் பெஞ்சின் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. அந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

“நான் வித்துப்போட்டா, வாங்கறவன் குத்தகைய ஒத்துக்குவானுங்களா?” என்றார் வெள்ளியங்கிரி.

“பதிவு பண்ணுன குத்தகை நெலத்தோடயே போகுமுங்க. வில்லங்கம் போட்டுப் பாத்தா அவருக்கே தெரிஞ்சுபோகும். தவணை முடியற வரைக்கும் அவரும் கட்டுப்பட்டவருதான்.”

“அஞ்சு வருஷத்துக்குப் பிறகு?” என்றாள் அன்புக்கரசி.

அவர் பொய் சொல்ல விரும்பவில்லை. “அதுக்குள்ள ரிசர்வ் வங்கிக்கு மனுப் போடுங்க. கெடைக்குமுன்னு நான் சொல்ல மாட்டேன். கெடைக்காட்டி, மயானத்துல ஒரு எடம் பாத்து, முறையா உத்தரவு வாங்கி, கொழந்தைய மாத்திக்கலாம். எப்படியானாலும் மழையில அவசர அவசரமா வெச்ச மாதிரி இருக்காது.”

அவள் தலையசைத்தாள்.

பாலுசாமி விற்பனைப் பத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய தாளில் எழுதத் தொடங்கினார். குத்தகைதாரர்: அன்புக்கரசி, மலேசியக் குடிமகள், அவளுடைய பெயர்தான், வேறு யார் பெயரும் இல்லை. இடம்: தோட்டத்து வடகிழக்கு மூலையில் பத்து சென்ட், நான்கு எல்லையோடு. காலம்: சரியாக ஐந்து வருடம், தானாகப் புதுப்பிக்கும் வரி எதுவும் கிடையாது, ஏனென்றால் அது ஐந்தைத் தாண்டியதாகிவிடும். நிபந்தனை: அந்த இடத்தை உழவோ தோண்டவோ கூடாது. தோட்டம் கைமாறுவதற்கு முன்பே பதிவு.